வண்டி திணறுகிறதா? கார்புரேட்டரில் கடைசியாகக் கை வையுங்கள்

நின்ற இடத்தில் இன்ஜின் தடதடவென்று ஆடுகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ஒரு கணம் மூச்சுத் திணறிவிட்டுத்தான் எடுக்கிறது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் வெட்டி வெட்டி இழுக்கிறது. இப்படி ஒரு வண்டி கைக்கு வந்தால், திருப்புளியோடு நேராக, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரிடம் போவதுதான் புதிதாகப் பழகுபவர்கள் செய்வது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கார்புரேட்டர்மேல் போடப்படும் பழியில் பாதிக்கு அது பொறுப்பே இல்லை. அதுவே காரணமாக இருந்தாலும், முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் திறந்தால், உள்ளே எந்தத் துளையில் கோளாறு என்பதுவரை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இன்ஜின் சீராக ஓடத் தேவை நான்கு: காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் பொறி, சிலிண்டருக்குள் நல்ல கம்ப்ரஷன். வண்டி திணறினால் இந்த நான்கில் ஒன்று குறைகிறது, அல்லது கூடுகிறது. எளிதாகப் பார்க்கக்கூடியதிலிருந்து கடினமானதற்குப் போவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிளக்கையும் மாற்றி, ஜெட்டையும் (கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) துடைத்து, திருகையும் திருகிவிட்டால், வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி எல்லாவற்றையும் செய்ய வேண்டியதுதான்.

நான் மனதில் வைத்திருப்பது ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் பைக். டேப்பட் பகுதியை விட்டுவிட்டால் மற்றதில் பெரும்பாலானவை இரண்டு ஸ்ட்ரோக்குக்கும் பொருந்தும்.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் தூரத்தில் இருக்கும் நெருப்பையும் பிடிக்கும். இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் ஐந்து நிமிடம்கூட இன்ஜினை ஓடவிடாதீர்கள்.

எப்போது திணறுகிறது?

எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். “சும்மா மிஸ் ஆகுது” என்பது விடை இல்லை. குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? நின்ற இடத்திலா, ஓடும்போதா? மழையில் மட்டுமா? ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். வண்டியின் வேகத்தையோ இன்ஜின் சுழற்சியையோ பார்க்க வேண்டாம், ஆக்சிலரேட்டரின் திறப்பைப் பாருங்கள். கார்புரேட்டருக்குள் ஒவ்வொரு திறப்புக்கும் வெவ்வேறு பாகம் பெட்ரோல் கொடுக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கைப்பிடியில் ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரியும், அதை ஒட்டி அசையாமல் இருக்கும் ஸ்விட்ச் பெட்டியில் இன்னொரு துண்டும் ஒட்டுங்கள். மூடியிருக்கும்போது ஒரு கோடு, முழுதாக முறுக்கினால் ஒரு கோடு, இடையில் கால், அரை, முக்கால் என்று பேனாவால் குறித்துவிடுங்கள். ஒருமுறை ஓட்டிவிட்டு வந்தால், “கால் பங்கு வரை திணறல், அதற்கு மேல் சுத்தம்” என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரி ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்விட்சை அணைத்ததுபோல் சட்டென்று வெட்டி மறுகணமே பிடித்தால் சந்தேகம் பொறியின் பக்கம். மெல்ல மெல்லச் சோர்ந்து அடங்கினால் பெட்ரோல் போதவில்லை. எப்போதும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்பதற்கு இது போதும்.

ஸ்பேனர் எடுக்காமலே பார்க்க வேண்டியவை

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பெட்ரோலின் வாசனை கூர்மையாக இருக்கும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் பழைய வார்னிஷ் போல மட்டமாக நாறும். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டால் குளிரில் பற்றாது. மிச்சம் பிசினாகப் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

மூடியைத் திறக்கும்போது காதைக் கூர்மையாக வைத்திருங்கள். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போக மூடியில் ஒரு சிறு வழி உண்டு. அது அடைத்துக்கொண்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நிற்கும். சில கிலோமீட்டர் நன்றாக ஓடி, பிறகு சோர்ந்து நின்று, பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். நின்றவுடன் மூடியைத் திறந்து “ஸ்ஸ்” என்று காற்று உள்ளே இழுத்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து, கார்புரேட்டர் அடியில் இருக்கும் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோலைப் பிடியுங்கள். டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப் திறந்திருந்தால் நிற்காமல் ஒழுக வேண்டும். முதலில் ஒழுகிவிட்டுச் சொட்டு சொட்டாகக் குறைந்தால், டேப்பின் வலையோ பெட்ரோல் ஃபில்டரோ கிண்ணத்து வாயிலோ அடைத்திருக்கிறது. (சில வண்டிகளில் டேப், இன்ஜின் ஓடும்போது வரும் உறிஞ்சலால்தான் திறக்கும். அவற்றில் நின்றுபோவது கோளாறு இல்லை.) பாட்டிலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்துவிட்டுப் பாருங்கள். அடியில் கண்ணாடிக் குண்டுபோல் துளிகள் உருண்டால் அது தண்ணீர்.

குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக், விட்டதும் முழுவதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். கேபிள் இறுகி, சோக் பாதியில் நின்ற வண்டியைச் “சூடானால் திணறுகிறது” என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். காகித ஃபில்டர் அழுக்கேறினால் மாற்றத்தான் வேண்டும், கழுவக் கூடாது. ஸ்பாஞ்ச் வகையைக் கழுவி, நன்றாக உலர்த்தி, லேசாக எண்ணெய் தடவிப் பிழிந்து போடலாம்.

சோக்கை வைத்தே ஒரு சோதனை உண்டு. சூடான இன்ஜின் திணறிக்கொண்டிருக்கும்போது சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். ஓட்டம் தேறினால் கலவையில் பெட்ரோல் குறைவு, அதாவது லீன். இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம், அதாவது ரிச். இரண்டும் இல்லாமல் அப்படியே வெட்டிக்கொண்டிருந்தால் பொறியைப் பாருங்கள்.

பிளக் சொல்லும் கதை

பிளக்கைக் கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊதி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி மாவுபோல் படிந்திருந்தால் ரிச், அல்லது பொறி பலவீனம். பசபசவென்று எண்ணெய்க் கருப்பாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து எண்ணெய் எரிகிறது. வெளுத்துப்போய்க் கொப்புளம் கண்டிருந்தால் லீன். அந்த நிலையில் வேகமாக ஓட்டாதீர்கள். அளவுக்கு மீறிய சூட்டில் பிஸ்டனே உருகிவிடும்.

முனையின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் தகடு) அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பல வண்டிகளில் அது 0.6 முதல் 0.9 மி.மீ.க்குள் இருக்கும். விலை மலிவான பாகம் என்பதால், சந்தேகம் வந்தால் சரியான எண்ணுள்ள புதுப் பிளக்கைப் போட்டுப் பார்ப்பதே மேல்.

பொறியைப் பார்க்க, கழற்றிய பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினோடு அழுத்தமாகத் தொடவைத்துக் கிக்கரை உதையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே வையுங்கள். அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியே தெறிக்கும். நீல வெண்மையாகச் “சட் சட்” என்று வந்தால் நல்ல பொறி. மஞ்சள் கலந்து மெலிந்து வந்தால் கேப், வயர், பொறிக்கான மின்னழுத்தத்தைத் தரும் காயில் என்று பின்னோக்கிப் போங்கள். உடலைத் தொடவைக்காமல் உதைப்பது கூடாது. போக வழி தெரியாத மின்சாரம் காயிலையோ, அதை இயக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ.யையோ கெடுத்துவிடும்.

இங்கே என் அனுபவம் ஒன்று. ஒரு வண்டி மழை நாளில் மட்டும் திணறியது. கார்புரேட்டரில் தண்ணீர் என்று நினைத்து மூன்று மாலைகள் அதையே கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்தேன். நான்காம் நாள் இருட்டிய பிறகு, வெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, பிளக் கேப்பின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். கேப்பின் அடியிலிருந்து ஊசி அளவு நீலக் கோடு ஒன்று சிலிண்டர் தலைக்குத் தாவித் தாவிப் போனது. ரப்பரில் மயிரிழை அளவு வெடிப்பு. பகலில் எத்தனை முறை பார்த்தும் கண்ணுக்குத் தெரியாதது அது. இருட்டில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலான கேப்கள் வயரில் திருகப்பட்டவை. இடப்புறம் திருகிக் கழற்றி, பச்சை பிடித்த வயர் நுனியை 5 மி.மீ. வெட்டிவிட்டுத் திரும்பத் திருகினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். மல்டிமீட்டர் இருந்தால் கேப்பை அளந்து பாருங்கள். ரெசிஸ்டர் வகைக் கேப் 5 கிலோ ஓம் அருகே காட்டும். முடிவிலி காட்டினால் தூக்கிப் போடுங்கள்.

குளிரில் நன்றாக ஓடி, சூடேறியதும் பொறி நின்று, ஆறியதும் திரும்ப வருகிறதா? பெரும்பாலும் காயிலோ, பொறிக்கான நேரத்தை உணர்த்தும் பிக்கப் காயிலோ உள்ளே கம்பி அறுந்திருக்கும்.

திருட்டுக் காற்று

கார்புரேட்டர் வழியாக வராமல், அதற்கும் இன்ஜினுக்கும் இடையில் புகும் காற்றுக்குப் பெட்ரோல் சேராது. கலவை லீன் ஆகும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இறங்காமல் உயரத்திலேயே நின்று, மெதுவாக இறங்கினால் இதுதான் முதல் சந்தேகம். இணைக்கும் ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது நல்லதுபோல் தெரிந்து, வளைத்ததும் வாய் பிளக்கும் வெடிப்புகள் உண்டு. ஓ ரிங் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். ஓடும் இன்ஜினில் அந்த மூட்டுகள்மேல் கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் பொருள் என்பதால் நான் தண்ணீர்த் தெளிப்பானைத்தான் பயன்படுத்துகிறேன். தெளித்ததும் ஓட்டம் மாறினால் ஓட்டை அங்கேதான்.

ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட் பட் என்று வெடித்தால், சைலன்சர் பைப் சிலிண்டரில் சேரும் இடத்து கேஸ்கெட்டையும் பாருங்கள்.

டேப்பட்

பலரும் தாண்டிப்போகும் இடம் இது. வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் (ராக்கர் ஆர்ம்) நடுவே மிகச் சிறிய இடைவெளி வேண்டும். அதிகமானால் டக் டக் என்று சத்தம் வரும், எல்லோருக்கும் கேட்கும். இடைவெளி குறைவதில்தான் ஆபத்து. வால்வு உட்காரும் இடம் நாளடைவில் தேய்ந்து இடைவெளி சுருங்கும். சத்தமும் அடங்கிப்போகும். வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். சூடேறியதும் ஐடிலிங் நிற்காது, ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்குவதே அந்த இருக்கையில் உட்காரும்போதுதான். உட்காராவிட்டால் ஓரம் எரிந்துவிடும்.

அளப்பது இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது. ஃபிளைவீலில் உள்ள ‘டி’ குறியைக் கவரில் உள்ள கோட்டுக்கு நேராக நிறுத்துங்கள். இரண்டு வால்வின் கைகளையும் விரலால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் நீங்கள் தப்பான சுற்றில் நிற்கிறீர்கள். இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். கையேட்டில் உள்ள தடிமன் தகடு லேசான இழுப்போடு போய்வர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கும்.

இதற்குப் பிறகும் இன்ஜினில் உயிர் இல்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து அளக்க வேண்டும். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு. இரண்டுமே மெக்கானிக் கடைக்கான வேலை. கார்புரேட்டரை எத்தனை முறை துடைத்தாலும் இவை தீராது.

இப்போது கார்புரேட்டர்

பிளாஸ்திரிக் கோடு இங்கேதான் பயன்படுகிறது. ஐடிலிங்கும் கால் பங்குக்குக் கீழேயும் தகராறு என்றால் பைலட் ஜெட்டும் அதன் வழிகளும். கால் முதல் முக்கால் வரை என்றால் ஊசியும் அது இறங்கும் குழாயும். முக்காலுக்கு மேல் என்றால் மெயின் ஜெட், அல்லது கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் குறைவு. நாள்பட நின்ற வண்டியில் ஐடிலிங் மட்டும் போயிருந்தால் பைலட் ஜெட்டைத் தவிர வேறெதையும் முதலில் நினைக்க வேண்டாம். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அடைக்க ஒரு சொட்டுப் பிசின் போதும்.

டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிட்டுக் கழற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் செல்போனில் ஒரு படம். ஜப்பானிய கார்புரேட்டர்களின் நட்சத்திரத் திருகுகளுக்குச் சாதாரண திருப்புளி சரியாகப் பொருந்தாது, தலை வழுக்கிவிடும். அதற்கேற்ற முனையை வாங்குங்கள். ஜெட்டுக்கு அதன் பள்ளத்தை முழுதாக நிரப்பும் தட்டைத் திருப்புளி. பித்தளை மென்மையானது.

ஐடிலிங்கில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கலவைத் திருகைக் கழற்றும் முன், அது மெல்ல அடியில் தொடும்வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். தொட்டதும் நிறுத்துங்கள், இறுக்கினால் கூர்முனை உள்ளே உடைந்துவிடும். வெளியே எடுக்கும்போது ஸ்பிரிங், வாஷர், குட்டி ஓ ரிங் என்று வரிசையாக வரும். ஓ ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தால் வளைத்த கம்பியால் எடுங்கள். கார்ப் கிளீனர் படும் முன் எல்லா ரப்பரையும் அகற்றிவிட வேண்டும், பட்டால் ஊதிவிடும்.

ஜெட்டை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சுற்று விளிம்பு கூர்மையாக, முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். வெளிச்சம் தெரிவதாலேயே சுத்தம் என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு பக்கம் பிறைபோல் நசுங்கித் தெரிந்தால் பிசின் இன்னும் சுவரில் இருக்கிறது. கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து ஊதுங்கள். போகாவிட்டால் வயருக்குள் இருக்கும் மெல்லிய செப்பு இழை ஒன்றை நுழைக்கலாம். இரும்புக் கம்பியோ ஊசியோ வேண்டாம். துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் போயிற்று.

ஜெட் சுத்தமானால் பாதி வேலைதான் முடிந்தது. ஜெட்டையும் கலவைத் திருகையும் கழற்றிய துளைகள் வழியாகக் கிளீனரை அடித்து, அது மறுபுறம், காற்று வழியில் ஏறி இறங்கும் ஸ்லைடுக்குப் பக்கத்தில் உள்ள பொடித் துளைகளில் பீறிட்டு வருகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எதிர்பாராத துளையிலிருந்து நேராகக் கண்ணுக்குத்தான் வரும். “சுத்தம் பண்ணியும் சரியாகவில்லை” என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் விட்டுப்போயிருப்பது இந்தப் படிதான்.

கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கி, உள்ளே திரவம் ஆடுகிறதா என்று கேளுங்கள். ஆடினால் ஓட்டை. ஃப்ளோட் ஊசியின் ரப்பர் நுனியில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள், அதுதான் ஓவர்ஃப்ளோவுக்கு (பெட்ரோல் வழிவதற்கு) காரணம். ஓவர்ஃப்ளோ ஆன வண்டியில் இன்ஜின் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனையோ, ஆயில் மட்டம் ஏறியிருப்பதோ தெரிந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஸ்லைடைத் திரும்ப மாட்டும்போது, அடியில் வெட்டப்பட்ட பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். ரப்பர் சவ்வு உள்ள வகையாக இருந்தால் சவ்வை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை தேடுங்கள்.

ஜெட் எண்ணை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏர் ஃபில்டரும் சைலன்சரும் கம்பெனி கொடுத்ததாகவே இருந்தால் வேண்டாம். அந்த ஜெட்டோடுதான் வண்டி இத்தனை வருடம் நன்றாக ஓடியது. மாறியது வேறு ஏதோ, அதைத் தேடுங்கள்.

ட்யூனிங்

பத்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிய பிறகே தொடங்குங்கள். கலவைத் திருகை எழுதிவைத்த எண்ணிக்கையில் வையுங்கள். அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றுத் திருகு. வெளியே திருகினால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் திருகு. வெளியே திருகினால் ரிச். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நாள் முழுக்கத் திருகியவர்களை எனக்குத் தெரியும்.

ஐடிலைச் சற்று உயர்த்திவிட்டு, கலவைத் திருகைக் கால் சுற்றாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுங்கள். இன்ஜின் வேகம் உச்சத்தில், சத்தம் உருண்டையாக, இடைவெளி சமமாகக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்தி, ஐடில் திருகால் வேகத்தை இறக்குங்கள். மறுபடி ஒருமுறை இதையே செய்யுங்கள். பல சிறிய வண்டிகளில் கடைசி ஐடில் நிமிடத்துக்கு 1,400 சுற்றை ஒட்டி இருக்கும். உங்கள் வண்டிக்குரியது கையேட்டில் இருக்கும்.

இப்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். இறங்காமல் தொங்கினால் லீன். ஐடிலுக்கும் கீழே சரிந்து பிறகு எழுந்தால் ரிச். நேராக இறங்கி அப்படியே நின்றால் ஓட்டிப் பார்க்கக் கிளம்பலாம். கால், அரை, முக்கால் என்று ஒவ்வொரு கோட்டிலும் சிறிது தூரம் நிலையாகப் பிடித்து ஓட்டுங்கள். ஓரிரு நாள் ஓட்டிய பிறகு பிளக்கை இன்னொரு முறை கழற்றி நிறத்தைப் பார்த்து, நோட்டில் தேதியோடு எழுதிவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்தி வைக்கப்போகிறீர்கள் என்றால், டேப்பை மூடிவிட்டு அந்த வடிகால் திருகைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.